மாப்பிள்ளை வரைந்த தேவனாம்பட்டினம்

பந்தல் சங்கத்து மலருக்கு, தனக்குத் தெரிந்த ஒரு நல்ல மனிதரைப் பற்றி ஆளுக்கொரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்று தலைவர் சொல்லிவிட்டார். சிதம்பரத்தில் எழுதத் தகுந்த ஆள் யார் என்று யோசித்தால் எனக்கு முதலில் என் பெயர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அடுத்தவன் பந்தலுக்குச் சவுக்குக் கம்பு தோளில் சுமந்தவன். இன்று நான்கு வீதியில் எந்த வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் வாசலில் நிற்பது வைத்திலிங்கம் பந்தல். அடைமழையில் அமைச்சர் தலையில் ஒரு சொட்டு விழாமல் மேடை போட்டவன். ஆனால் என்னைப் பற்றி நானே எழுதினால் ஊர் சிரிக்கும். அதனால் எனக்கு அடுத்தபடியாக எனக்குத் தெரிந்த நல்ல மனிதரைப் பற்றி எழுதுகிறேன். அவர் என் மாப்பிள்ளை எழிலன்.

மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் குறிஞ்சிப்பாடி. நிலம் நீச்சு உள்ள குடும்பம். அந்த வீட்டில் ஒரு பையன் ஏர் பிடிக்காமல், கவர்மெண்ட் வேலைக்கும் போகாமல், கும்பகோணத்தில் போய் ஓவியம் படித்தான் என்றால் சொந்தக்காரர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் ஒருவன்தான் அந்தப் பையனை நிமிர்ந்து பார்த்தேன். ஆளை எடைபோடுவதில் என்னை மிஞ்ச முடியாது. என் ஒரே மகள் ஸ்ரீமதி அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொன்னதும் ஒரு காரணம்.

அவர் என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் சொல்வதற்குள் வாய் வலித்துவிடும். ஆர்ட் டைரக்டர் என்பேன். சினிமாவா என்பார்கள். இல்லை, அனிமேஷன் என்பேன். குழந்தைகள் பார்க்கிற பொம்மைப் படமா என்பார்கள். இல்லை ஐயா, சரித்திரம். ஆனால் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிற சரித்திரம். ‘கோட்டை விட்ட கதை’ என்று பெயர். வெள்ளிக்கிழமை தோறும் நெட்டில் வரும். ராஜா, நவாப்பு, வெள்ளைக்காரன் எல்லாரும் எங்கெங்கே ஏமாந்தார்கள், எப்படியெல்லாம் சொதப்பினார்கள் என்று பொம்மைகளாக ஓடி விழுந்து காட்டுவார்கள். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு மாடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து அதைத் தயார் செய்கிறார்கள். பொம்மைகளை ஆட்டுவிப்பது மற்றவர்கள். பொம்மை நிற்கிற தெரு எப்படி இருக்க வேண்டும், வெள்ளைக்காரன் தொப்பி என்ன நிறம், புயலுக்கு முந்தின நாள் கடல் எந்தச் சாம்பல் என்பதையெல்லாம் முடிவு செய்து வரைந்து தருவது மாப்பிள்ளை.

எனக்கு அது முதல் நாளே புரிந்துவிட்டது. ஐயர், மேளக்காரர், சமையல்காரர், பெண், பிள்ளை எல்லாரும் வருவதற்கு முன்னால் வந்து இடத்தை உண்டாக்கிவிட்டுப் போகிறவன் நான். அவரும் அப்படித்தான். விசேஷம் முடிந்த பிறகு பந்தலைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஒழுகினால்தான் பேசுவார்கள்.

அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன் என்பது இந்த ஊரில் பலருக்குத் தெரியாது. அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பொம்மை நடந்தாலும் அந்த நடையை உண்மையான ஓர் ஆளை நடக்கவிட்டு, போனில் படம் பிடித்து, அதைப் பார்த்துத்தான் வரைவார்கள். தேவனாம்பட்டினம் கோட்டைக் கதைக்காக மாப்பிள்ளை என்னை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நடக்கவிட்டார்.

கதை இதுதான். அந்தக் காலத்தில் செஞ்சியில் இருந்த மராட்டியரிடமிருந்து வெள்ளைக்காரன் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கினான். கோட்டையோடு சேர்த்து, அங்கிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள நிலமும் அவனுக்கு. இப்படி ஒரு பத்திரத்தை எவனாவது எழுதுவானா? எழுதினார்கள். வெள்ளைக்காரன் சும்மா இருப்பானா? சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து வரவழைத்துச் சுற்றிச் சுற்றிச் சுட்டான். குண்டு விழுந்த ஊரெல்லாம் அவனுடையது. குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் டவுன் பஸ்ஸில் போர்டு போட்டுப் போகிறதே, அந்தக் குண்டுதான். நான் ஒரு முழம் கூடக் குறையக் கூடாது என்று டேப் பிடித்து அளக்கிறவன். அவன் குண்டு போட்டு அளந்திருக்கிறான். தொழிலில் அவனும் கெட்டிக்காரன்தான்.

“மாமா, நீங்க பீரங்கிக்குத் திரி வைக்கப் போறீங்க. உள்ளுக்குள்ள பயம். வெளிய காட்டிக்கக் கூடாது” என்றார் மாப்பிள்ளை, போனைப் பிடித்துக்கொண்டு.

“எனக்கா பயம்? நான் எந்தக் காலத்துல மாப்ள பயந்தேன்?”

“அதாங்க மாமா. இப்ப சொன்னீங்களே, அதயே சொல்லிக்கிட்டு நடங்க.”

துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி புஷ்பவள்ளி சும்மா இருக்கவில்லை. “அன்னைக்கு பாத்திர ரூம்ல பாம்பு வந்துச்சே, அப்ப எப்படிப் போனீங்க? அதுமாதிரி போங்க. ரொம்ப தத்ரூபமா இருக்கும்.”

நடந்தேன். உடம்பு வெள்ளைக்காரன், நடை வைத்திலிங்கம். அதை இதுவரை லட்சக்கணக்கான பேர் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். சிதம்பரத்தில் இன்னொரு பந்தல்காரனுக்கு இப்படி ஒரு பேறு கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஸ்ரீமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் நர்ஸ். மஸ்கட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். போய் ஆறு வருடம் ஆகிறது. மாப்பிள்ளைக்கு அப்போது நிலையான வேலை இல்லை. ரெண்டு வருடம் போய்விட்டு வருகிறேன் என்று போனாள். பிறகு இவருக்கு இந்த வேலை கிடைத்தது. அதற்குள் அங்கே அவளுக்கும் கை தேர்ந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். இந்த முறை அவளை ஒரு வார்டுக்கே பொறுப்பாகப் போடுகிறோம் என்றார்களாம். என் மகள் அல்லவா, பொறுப்பு அவளைத் தேடித்தான் வரும். வருகிறாளா, இருக்கிறாளா என்று மாதக் கடைசிக்குள் அவள் சொல்ல வேண்டும். குழந்தை இல்லை. அதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

அவர்கள் குடும்பம் நடத்துவதை நான் கடலூரில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன். மத்தியானம் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காருவார். எதிரே தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைப்பார். அந்தப் பக்கம் அவளும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொள்வாள். பெரிதாகப் பேச்சு ஒன்றும் இருக்காது. “ரசமா?” என்பாள். “ம், நேத்து வெச்சது” என்பார். பிறகு இரண்டு பேரும் அவரவர் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் போன் அணைந்துவிடும். அவர் இன்னும் கொஞ்ச நேரம் கை காய உட்கார்ந்திருப்பார். நான் பேப்பர் படிக்கிற மாதிரி இருப்பேன்.

கோட்டைக் கதை பாதி முடிந்திருந்த சமயம், புதுநகரில் ஒரு கல்யாணப் பந்தல் வேலையாகக் கடலூர் போனவன் அப்படியே அவர் ஆபீஸுக்கு ஏறினேன். என் நடையைக் கம்ப்யூட்டரில் காட்டுவதாகச் சொல்லியிருந்தார்.

திரையில் என் நடை இல்லை. கடற்கரை இருந்தது. சாயங்கால வெயில். மணல் மேடு. மேட்டை ஒட்டி நீளமாகச் சவுக்குத் தோப்பு. மரங்களுக்கு நடுவே சந்து சந்தாகக் கடல் தெரிகிறது. கரையோர வரிசையில் ஒரு மரம் மட்டும் வேர் கிளம்பிக் கிழக்கே சாய்ந்து, உட்கார வாகாக வளைந்திருக்கிறது.

எனக்கு அந்த மரம் தெரியும். கல்யாணமான புதிதில் அவர்கள் மஞ்சக்குப்பத்தில் குடியிருந்தார்கள். ஒரு நாள் நான் பலாப்பழம் கொண்டுபோனபோது வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டம்மா, “பீச்சுக்குப் போயிருப்பாங்க, தெனமும் அங்கதான்” என்றார். போய்ப் பார்த்தால் அந்தச் சாய்ந்த மரத்தில் இரண்டு பேரும் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து சுண்டல் தின்கிறார்கள். நான் பழத்தைத் தோளில் வைத்தபடியே சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன். அடுத்த மார்கழியில் தானே புயல் வந்தது. தோப்பே படுத்துவிட்டது. அப்போதெல்லாம் எங்கே போனை நீட்டிப் படம் எடுத்தோம்? ஒரு போட்டோகூட அவர்களிடம் இல்லை.

“அசல் அந்த எடமேதான் மாப்ள” என்றேன். நாற்காலியை இழுத்துத் திரைக்குக் கிட்டே போட்டுக்கொண்டேன். 

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “வெள்ளிக்கிழம அவ பாப்பா மாமா. அவ முடிவு சொல்றதுக்கு முந்தி வந்துடும்.”

அப்போதுதான் சத்யப்பிரியா வந்தது. அந்தப் பெண்தான் தொடருக்கு டைரக்டர். கதை எழுதுவதும் அதுவே. திட்டக்குடிப் பக்கம். வேலையில் கண்டிப்பு. வெள்ளைக்காரன் கால்சட்டை கிழியலாம், ராஜா கிரீடத்தைத் தொலைக்கலாம், ஆனால் படத்தில் காட்டுகிற பொருள் அந்தக் காலத்தில் இருந்ததாக இருக்க வேண்டும் என்பது அதன் சட்டம். வேடிக்கை வேடிக்கைதான், சரித்திரம் சரித்திரம்தான் என்று அடிக்கடி சொல்லும்.

திரையைப் பார்த்துக்கொண்டே நின்றது. “அழகா இருக்கு எழில்” என்றது. பிறகு, “இது என்ன மரம்?” என்றது.

“சவுக்கு.”

“கத எந்த வருஷம்?”

“ஆயிரத்து அறநூத்தித் தொண்ணூறு.”

“சவுக்கு இந்தக் கரைக்கு எப்ப வந்துச்சு?”

மாப்பிள்ளை கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“எப்ப வந்துச்சா? என்னம்மா கேள்வி இது? நான் பொறந்ததுலேந்து பாக்கறேன், சவுக்கு இருக்குது!”

“ஐயா, நீங்க பொறந்தது ஆயிரத்து அறநூத்தித் தொண்ணூறுக்கு முன்னாடியா?”

மூலைக்கு மூலை சிரித்தார்கள். நான் விடவில்லை. “சவுக்கு இல்லன்னா அந்தக் காலத்துல பந்தல எதுலம்மா போட்டான்?”

“மூங்கில்ல போட்டிருப்பான் ஐயா. நம்ம கரையில சவுக்குத் தோப்பெல்லாம் ஆயிரத்து எண்ணூறுக்கு அப்புறம் வெச்சது. வேற தேசத்து மரம்.”

சவுக்கு வேற தேசத்து மரமாம். என் சோறே சவுக்குக் கம்பில்தான் வந்தது. என் தாய்மாமனை வெளிநாட்டுக்காரன் என்று சொன்னால்கூட நான் அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டேன்.

சத்யப்பிரியா மாப்பிள்ளையைப் பார்த்து மெதுவாகச் சொன்னது. “ஒரு குண்டூசிக்கு ஒம்பது புஸ்தகம் பாக்கற ஆளு நீங்க. இந்தத் தப்பு எப்படி வந்துச்சுன்னு தெரியும். கடலூர்க்காரங்களுக்குக் கடல்னாலே சவுக்குதான். எங்க ஊர்ல கடலே கிடையாது, ஸ்கூல் டூர்ல பாத்ததோட சரி. அதனால என் கண்ணுல பட்டுச்சு. எடுத்துடுங்க எழில். தாழம்புதர் போட்டுக்குங்க, பன போட்டுக்குங்க.”

“சரி” என்றார் மாப்பிள்ளை. அவ்வளவுதான். எனக்கு என் நடையைப் பார்க்கவும் தோன்றவில்லை.

சாயங்காலம் அவரை இழுத்துக்கொண்டு தேவனாம்பட்டினத்துக்கே போனேன். இப்போது அங்கே லைட்டுக் கம்பம், ஊஞ்சல், பஜ்ஜிக் கடை எல்லாம் இருக்கிறது. பழைய தோப்பு இருந்த இடத்தில் வெறும் மணல். இரண்டு டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

“உங்களுக்கு நெசமாவே தெரியாதா மாப்ள, அப்ப சவுக்கு இல்லன்னு?”

“தெரியும் மாமா. வரையும்போது தெரியல. வரஞ்சி முடிச்சதும் தெரிஞ்சிது. அழிக்க மனசு வரல.”

“அந்தப் பொண்ணுகிட்ட நான் பேசிப் பாக்கட்டா? அது கல்யாணத்துக்குப் பந்தல் என் செலவுன்னு சொல்றேன். மேல்பட்டாம்பாக்கத்துல ஒரு கல்யாணத்துக்குப் போட்டேனே, அந்த டிசைன்ல போட்டுடலாம்.”

“அவுங்களுக்குக் கல்யாணம் ஆயி பொண்ணு ஒண்ணாவது படிக்குது மாமா.”

“அப்ப காது குத்துக்கு.”

சிரித்தார். நான் டீயை வைத்துவிட்டுக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். சுற்றி வளைப்பது என் பழக்கம் இல்லை. “எதுக்குய்யா மரம், செடி, கொடின்னு? போனப் போட்டு வந்துடுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. வாய்ல என்ன கொழுக்கட்டயா?”

அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் சொன்னா அவ வந்துடுவா மாமா.”

“அதுக்குத்தான சொல்லச் சொல்றேன்?”

“அதனாலதான் சொல்லல. அங்க அவ ஒரு வார்டயே நடத்தப் போறா. நேத்து சொல்லும்போது மூஞ்சப் பாக்கணும் நீங்க. நான் கூப்புட்டா அத விட்டுட்டு வருவா. வந்துட்டு ஒரு நாளும் சொல்லிக் காட்ட மாட்டா. அது எனக்குத் தாங்காது. அவளுக்கே தோணணும்.”

“தோணுறதுக்குத்தான் அந்தத் தோப்ப வரஞ்சீங்களா?”

“ஆமாம்” என்றார்.

நான் வாழ்க்கையில் எத்தனையோ பஞ்சாயத்துப் பேசி முடித்தவன். இன்னும் இரண்டு டீ சொன்னேன். இரண்டு பேரும் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, இல்லாத மரத்தடியில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் புதுநகர் பந்தல் முடிந்ததும் மறுபடி அவர் ஆபீஸுக்குப் போனேன். துணைக்கு ஆள் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் இருக்கட்டும் என்று எனக்குப் பட்டது.

அவர்கள் படத்தை ஒரே தாளில் வரைவதில்லை. வானம் ஓர் அடுக்கு, கடல் ஓர் அடுக்கு, மணல், மரம், மரத்தின் நிழல் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக, கண்ணாடியை ஒன்றன்மேல் ஒன்று வைத்த மாதிரி இருக்கும். ஒன்றை எடுத்தால் மற்றது அசையாது. மாப்பிள்ளை மரங்களின் அடுக்கைத் தொட்டார். அதன் ஓரத்தில் கண் மாதிரி ஒரு சின்னப் படம் இருந்தது. அதை அழுத்தினார். தோப்பு போய்விட்டது. புயல் ஒரு ராத்திரி முழுக்கச் செய்த வேலை. தாழம்புதரைக் கொண்டுவந்து வைத்தார். தூரத்தில் நாலு பனை வைத்தார்.

ஆனால் மணலில் நிழல் அப்படியே கிடந்தது. மெல்லிசாக, கீற்றுக் கீற்றாக, சாயங்காலத்துச் சவுக்கு நிழல். சாய்ந்த மரத்தின் நிழல் மட்டும் குறுக்கே வளைந்து விழுந்திருந்தது. அதன் மேலேதான் வெள்ளைக்காரன் என் நடையில் நடந்து பீரங்கிக்குத் திரி வைக்கப் போகிறான்.

சத்யப்பிரியா வந்து பார்த்தது. “நெழல எடுக்கல?”

“இருக்கட்டும்.”

“எதோட நெழல் இது?”

“மேகம்” என்றார் மாப்பிள்ளை.

“மேகத்துக்கு இப்படி ஊசி ஊசியா நெழல் விழுமா எழில்?”

அவர் பனை ஒன்றைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். நான் வாயைத் திறந்திருந்தால் கெடுத்திருப்பேன். அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மறுபடி மணலைப் பார்த்தது. “சரி, மேகம்னே வெச்சுக்குறேன்” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டது. கண்டிப்பான பெண்தான். ஆனால் எங்கே கண்டிப்பை நிறுத்துவது என்று தெரிந்த பெண்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையைச் சிதம்பரத்துக்கு வரச் சொல்லிவிட்டேன். என் வீட்டு டிவி பெரியது, சுவரில் பாதி. மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். வெள்ளைக்காரன் நடந்ததும் புஷ்பவள்ளி சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டாள். “பாம்பு, பாம்பு” என்றாள். நிழல் வந்தபோது மாப்பிள்ளை டிவியைப் பார்க்காமல் தன் போனைப் பார்த்தார்.

அன்று மஸ்கட்டில் அவளுக்கு லீவு. முடிந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் போன் வந்தது. அவர் அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். எங்கள் முன்னால் என் மகள் அவரை ‘நீங்க’ என்றுதான் பேசுவாள். நாங்கள் இருப்பது அவளுக்குத் தெரியாது.

“எழில், மரத்த எடுத்துட்ட நீ.”

“பாத்தியா?”

“நெழலு கோணலா விழுந்துருக்கே. நாம உக்காந்துருந்த மரம்தான? ரெண்டு தரம் பின்னாடி தள்ளிப் பாத்தேன். ஏன் எடுத்த?”

“அந்தக் காலத்துல சவுக்கு கெடயாதாம்.”

“நெழலு மட்டும் உண்டா?”

“மேகம்னு சொல்லியிருக்கேன்.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இந்த வீட்டில் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. சிரித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்திவிட்டாள்.

“எழில், நான் புதன்கெழம கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“ம்.”

“மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம்னுதான் இருந்தேன். நீ ஒண்ணுமே சொல்லல. தெனம் ரசம் வெச்சேன், கொழம்பு வெச்சேன்னு சொல்ற. ஒரு வார்த்த கேக்கலியே. வேணாம் போலருக்குன்னு போட்டுட்டேன்.”

புஷ்பவள்ளி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பிவிட்டாள். எழுந்து போய்விடலாம் என்று நானும் நினைத்தேன். டிவி சத்தத்தை மட்டும் குறைத்தேன்.

மாப்பிள்ளை போனைப் பார்த்துச் சொன்னார். “வந்துடு ஸ்ரீ.”

“இப்ப சொல்ற பாரு.”

“ம். இப்பதான் வந்துச்சு.”

அந்தப் பக்கம் ஏதோ கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.  பிறகு அவள் குரல் வந்தது.

“நீ வாயேன்.”

“என்னா?”

“நீ இங்க வாயேங்குறேன். உனக்கென்ன, ஒரு பேனாவும் பொட்டியும்தான? இங்க கரண்ட் இல்லியா, நெட் இல்லியா? படத்த வரஞ்சி அனுப்பினா சத்யா வேணாம்னா சொல்லப் போவுது?”

ஆறு வருடமாக நாங்கள் எல்லாரும் ஒன்றையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம். பெண் போயிருக்கிறாள், பெண் திரும்பி வருவாள். நான், புஷ்பவள்ளி, குறிஞ்சிப்பாடிச் சம்பந்தி, அந்தச் சாய்ந்த மரத்தை வரைந்தவர், ஒருவருக்காவது மாப்பிள்ளை அங்கே போகலாம் என்று தோன்றவில்லை. ஊரெல்லாம் ஆண் பிள்ளை போவான், பெண்டாட்டி பின்னால் போவாள். பெண்டாட்டி முன்னால் போனால் திரும்பி வந்தாக வேண்டும் என்று யார் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது என்று தெரியவில்லை.

“மாமா, அத்தையெல்லாம்...” என்று இழுத்தார் மாப்பிள்ளை. “இங்கதான் இருக்காங்க.”

“எங்க?”

“பக்கத்துல. ஸ்பீக்கர்ல.”

“ஐயோ! ஸ்பீக்கர்லயா போட்டீங்க?” உடனே ‘நீங்க’ வந்துவிட்டது. “அப்பா... நான் சும்மா சொன்னேம்ப்பா.”

“சும்மா சொல்லலியே நீ” என்றேன். “நல்லாத்தான் சொன்ன. எனக்கு ஒரு வாரம் முன்னாடியே இது தோணிச்சு, நீங்களா பேசிக்குங்கன்னு விட்டுட்டேன்.” தோன்றவில்லைதான். ஆனால் அந்த இடத்தில் வீட்டுக்குப் பெரியவன் அப்படித்தான் பேச வேண்டும்.

விஷயம் வெளியே தெரிந்ததும் என் மைத்துனன் அய்யனார் கடைக்கே வந்துவிட்டான். “என்னா மச்சான், பொண்டாட்டி சம்பாத்தியத்துல துபாய் போறாராமே உன் மாப்ள?”

“மொதல்ல அது மஸ்கட். ரெண்டாவது, அவரு வேல அவரு கூடவே போவுது. உன் வேலதான் உன்ன வுட்டு எப்பவோ போயிடுச்சு” என்றேன். ஷாமியானா மடித்துக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். டீகூடக் குடிக்காமல் போனான்.

சத்யப்பிரியா ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டது. அங்கிருந்து வரைந்து அனுப்பலாம், ஆனால் பாலைவனத்துப் பேரீச்சை எதுவும் சோழ நாட்டில் முளைக்கக் கூடாது என்றது.

அவர் கிளம்பிய நாள் நல்ல முகூர்த்த நாள். எனக்கு அன்று மூன்று இடத்தில் பந்தல். அதனால் சென்னை வரை போக முடியவில்லை. வீட்டு வாசலில் கார் நின்றது. புஷ்பவள்ளி அவர் பெட்டியில் வடகம், சீரகச் சம்பா, கருவாட்டுப் பொட்டலம் எல்லாம் திணித்துக்கொண்டே இருந்தாள். பிளேனில் நாறும் அத்தை என்று அவர் ஒன்றை எடுத்து வெளியே வைத்தால் இவள் இரண்டை உள்ளே வைத்தாள். கடைசியில் காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினார்.

“மாமா, அவகிட்ட என்னா சொல்லட்டும்?”

நாலு வீதிக்கும் கேட்கிற மாதிரி ஆட்களை வேலை வாங்குகிற குரல் என்னுடையது. மைக் இல்லாமல் பேசுவேன். “வேல ஜாஸ்தின்னு சொல்லுங்க” என்றேன். “நல்லா இருக்கேன்னு சொல்லுங்க. ஒண்ணும் அவசரம் இல்ல, மெதுவா வந்தாப் போதும்.”

“அவ்ளோதானா மாமா?”

“அவ்ளோதான். கெளம்புங்க மாப்ள, விழுப்புரத்துல டிராஃபிக் ஆயிடும்.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வரைகிற ஆளுக்குப் பார்க்கத் தெரியும். பிறகு, “சரிங்க மாமா, நானே சொல்லிக்கிறேன்” என்றார். என்ன சொல்லிக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை. கார் மேல வீதி முனையில் திரும்பியது. நான் கீழ வீதிப் பந்தலுக்குப் போனேன். ஒரு கம்பு கோணலாக நட்டிருந்தார்கள் என்று எல்லாரையும் திட்டினேன்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நானும் புஷ்பவள்ளியும் மட்டும் உட்கார்ந்து பார்க்கிறோம். மஸ்கட்டில் ஒரு மேஜையில் உட்கார்ந்து அவர் நம் தஞ்சாவூரையும் நாகப்பட்டினத்தையும் வரைகிறார். பக்கத்தில் என் மகள் நைட் டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் ஒரே குழம்பைச் சாப்பிடுகிறார்கள். பேச வேண்டியதெல்லாம் அங்கேயே பேசிக்கொள்வதால் எங்களுக்கு முன்போல அடிக்கடி போன் வருவதில்லை. அது நல்லதுதான். படத்தில் சிரிக்க வேண்டிய இடத்தில் நாங்கள் சிரிக்கிறோம். முடிந்ததும் கறுப்புத் திரையில் வேலை செய்தவர்கள் பெயரெல்லாம் கீழிருந்து மேலே போகும். கலை இயக்கம் எழிலன் என்று வருகிறவரை ரிமோட்டை என் கையில் தர மாட்டாள் புஷ்பவள்ளி. வந்து மேலே போன பிறகும் கொஞ்ச நேரம் அவளே அணைக்காமல் வைத்திருப்பாள். நானும் அணை என்று சொல்வதில்லை.